பேசினைக் கழற்றிய பின் கழிவுக் குழாயை என்ன செய்வது?

வீட்டைத் திருத்தும்போது புதிதாகப் பதிக்கப்போகும் மாபிள், கொமட், பேசின் என்பவற்றைப் பற்றித்தான் நாம் யோசிக்கிறோம். கழற்றிய பழைய பேசினின் தண்ணீர் எந்தக் குழாயில் போய்ச் சேர்ந்தது, அந்த இணைப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வேலைக்கு வந்தவர் குழாயின் வாய்க்குள் ஒரு சாக்குத் துண்டைத் திணித்துவிட்டுப் போய்விடுவார். இந்தப் பாடம் அந்தச் சாக்குத் துண்டைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கை அறையில் அழுகிய முட்டை மணம். கைக்குழந்தை படுக்கும் அறை அது. "கக்கூசை நாளுக்கு இரண்டு தரம் கழுவுறன் தம்பி, மணம் போகுதில்லை. மாரியிலை இன்னும் கூடுது" என்றார் அந்த அம்மா. மலசலகூடத்தைப் போய்ப் பார்த்தேன்; அங்கே ஒரு மணமும் இல்லை. அறை மூலையில், அலுமாரிக்குப் பின்னால், முன்பு பேசின் இருந்த இடத்தில் 2 அங்குலக் குழாய் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கட்டியிருந்த பொலித்தீன் பை கிழிந்து தொங்கியது.

மலக்குழாயோடு சேரும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வளைவு இருக்கிறது. கொமட்டுக்கு அது உள்ளேயே அமைந்திருக்கும். பேசினுக்கு அடியில் தொங்கும். அந்த வளைவில் எப்போதும் நிற்கும் இரண்டு அங்குலம் அளவான தண்ணீர்தான் தாங்கியிலுள்ள வாயுவை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. பேசினைக் கழற்றும்போது வளைவும் கூடவே போய்விடுகிறது. பேசின் இருந்தாலும் பாவிக்காமல் விட்டால், எமது வெயிலுக்குச் சில கிழமைகளிலேயே அந்தத் தண்ணீர் வற்றிவிடும். நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் மணப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திறந்த வாயால் வாயு மட்டும் வருவதில்லை. கரப்பான் வரும், நுளம்பும் வரும். மலக்குழிகளில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். அந்நோய் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. நுளம்பு மட்டும் ஒழியவில்லை. மாரியில் இன்னொரு தொல்லை சேரும். நிலத்தடி நீர் உயர்ந்து ஊறுகுழி தண்ணீரை இழுக்காதபோது, தாங்கி நிரம்பிக் கழிவு பின்னோக்கி வரும். அப்போது அது வெளிவருவது எல்லாவற்றிலும் தாழ்ந்த வாயால்தான். பெரும்பாலும் அது நாம் மறந்துபோன பழைய குளியலறைத் துவாரமாக இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். வெட்டுவதற்கு முன் எது பயனற்றது என்று உறுதி செய்யுங்கள். சலவை நீலத்தை ஒரு வாளி தண்ணீரில் கரைத்து, பாவனையிலுள்ள ஒவ்வொரு துவாரத்திலும் தனித்தனியே ஊற்றி, வெளியே மேன்ஹோலைத் திறந்து எந்தக் குழாயால் நீலம் வருகிறது என்று பாருங்கள். குசினித் தண்ணீரும் அதே கிளையால் போகிறதென்றால் அதை வெட்டக்கூடாது.

இங்கே பலர் விடும் பெரிய பிழை ஒன்று உண்டு. கூரைக்கு மேலே நிற்கும் காற்றுக் குழாயில் தண்ணீர் ஓடுவதில்லை. ஆகவே அதையும் வீண் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். வாயு மேலே போகும் வழி அதுதான். அதை மூடினால், ஒரு கொமட்டில் தண்ணீர் அடிக்கும்போது மற்ற வளைவுகளில் நிற்கும் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுப் போகும். கடகட என்று சத்தம் கேட்டால் முதலில் காற்றுக் குழாயைப் பாருங்கள்.

பயனற்ற கிளையைச் சுவர் வாயில் மூடினால் போதாது. பிரதான குழாயிலிருந்து சுவர்வரை மிஞ்சும் குருட்டுக் குழாயில் கழிவு ஒதுங்கி இறுகும். ஆகவே பிரதான குழாய்க்குக் கிட்டவே அறுக்க வேண்டும். வீட்டார் எவரும் தண்ணீர் ஊற்றாதபடி சொல்லிவிட்டு, ரீ இணைப்பிலிருந்து 2 அங்குலம் விட்டு இரும்பு வாளால் நேராக அறுங்கள். விளிம்பின் பிசிரை நீக்கி, அரத்தாளால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பி.வி.சி. கம் பிடிக்காது. குழாயிலும் மூடியின் உட்பக்கத்திலும் கம் பூசி, ஒரே தள்ளாகத் தள்ளிச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். கடையில் எண்ட் கப் என்று கேட்டால் இந்த மூடியைத் தருவார்கள், செலவு சிறிது. மாலையில் ஒட்டிக் காலையில் பாவிப்பது நல்லது.

பழைய வீடுகளிலுள்ள சுட்ட மண் குழாயை உளி கொண்டு அடித்தால் பிரதான குழாயே வெடித்துவிடும். கிளையை மெதுவாகக் கழற்றி, கழுத்துக்குள் பொருந்தும்படி வட்டமாக வெட்டிய ஓட்டுத் துண்டை வைத்து, மேலே சீமெந்துச் சாந்து பூசுங்கள். சாந்து உள்ளே விழக்கூடாது. அஸ்பெஸ்ரஸ் குழாயை வாளால் அறுக்கவே வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதன் வாயையும் இவ்வாறே மூடலாம்.

கையுறை போடுங்கள், காயம் இருந்தால் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். குழாய் திறந்திருக்கும்போது நெருப்புக் குச்சி, சுருட்டு வேண்டாம். எது தவறி விழுந்தாலும் தாங்கிக்குள் இறங்காதீர்கள். அழுகிய முட்டை மணம் தரும் வாயு அதிகமானால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். ஆள் விழுந்த பின்தான் தெரியவரும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல உண்டு.

அந்த வீட்டில் அறுத்தெடுத்த மூன்றடிக் குழாய் பாதிக்கு மேல் கறுத்த சேற்றால் நிரம்பியிருந்தது. அதே நாளில், மலக்குழாயில் விழுந்துகொண்டிருந்த பீலித் தண்ணீரையும் வெட்டி வாழைகளுக்குத் திருப்பினோம். சுண்ணக்கல் நிலத்தில் தாங்கி நிரம்பி வழிந்தால், கல்லின் வெடிப்புகளால் கழிவு விரைவாகக் கிணற்றுக்குப் போகும். அவர்களுடைய கிணறு தூரத்தில் இல்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது, எது வெட்டி மூடப்பட்டது என்று ஒரு தாளில் கீறி, மின்சாரச் சிட்டைகளோடு வைக்கும்படி அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.