ஃபியூஸ் காப்பது கம்ப்ரஸரை அல்ல, வயரை

டிரெய்லர் இழுக்கும் பெரிய பிக்கப் டிரக்குகளுக்கு ஏர் ஸ்பிரிங்கும் கம்ப்ரஸரும் பொருத்துகிறவர்களிடம் ஒரு பேச்சு ஓய்வதாகவே இல்லை. “ஃபியூஸ் கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தானே? அதைக் கம்ப்ரஸர் பக்கத்திலேயே போட்டால் போதும்.” இங்கே டெக்ஸாஸில் குதிரை டிரெய்லர் இழுப்பவர் சொல்கிறார். விடுமுறைக்குப் போக வீட்டு டிரெய்லர் வாங்கிய தமிழ் நண்பர் சொல்கிறார். வருடக்கணக்கில் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்கும் சொல்கிறார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இது முழுத் தவறு. ஒரு டிரக்கையே கொளுத்திவிடக்கூடிய தவறு.

ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 என்று எதை எடுத்தாலும் பேட்டரி முன்னால் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. கம்ப்ரஸரைப் பெரும்பாலும் கேபினுக்குக் கீழேயோ பின் அச்சுக்குப் பக்கத்திலோ சேஸிஸ் சட்டத்தில் மாட்டுகிறோம். நடுவில் ஐந்தாறு மீட்டர் வயர். அது சட்டத்தின் கூர்மையான விளிம்பை ஒட்டி, சூடான புகைக்குழாயைத் தாண்டி, லீஃப் ஸ்பிரிங்கின் பிராக்கெட்டை உரசிக்கொண்டு போகிறது. வண்டி ஓட ஓட அதிர்வில் மேலுறை தேய்கிறது. ஒருநாள் உள்ளிருக்கும் தாமிரம் சட்டத்தைத் தொடுகிறது.

அந்த நொடியில் மின்சாரம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து தேய்ந்த இடத்துக்கு வந்து, சட்டத்தில் இறங்கி, மறுபடி பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. கம்ப்ரஸர் வரைக்கும் அது போவதே இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் ஃபியூஸுக்கு நடப்பது எதுவும் தெரியாது, அது போகவும் போகாது. இந்த வகை டீசல் டிரக்குகளில் பேட்டரி ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் சேர்ந்து சில நூறு ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளும். நொடிகளில் வயர் பழுத்து, மேலுறை எரிந்து, பக்கத்தில் போகும் மற்ற வயர்களையும் பிளாஸ்டிக் குழாய்களையும் பற்ற வைக்கும். வயரே உருகி அறுந்தால்தான் அது நிற்கும்.

வீட்டில் மெயின் ஃபியூஸை எங்கே வைக்கிறோம்? மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். மிக்ஸிக்குப் பக்கத்தில் இல்லை. டிரக்கில் மின்சாரம் நுழையும் இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். படகுகளுக்கான அமெரிக்க விதிமுறையான ஏ.பி.ஒய்.சி. இ-11 இதற்கு 7 அங்குலம் என்று அளவே சொல்கிறது. நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை என்பதால் படகுக்காரர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். டிரக்குக்கு அந்த விதி சட்டப்படி பொருந்தாது. ஆனால் தீ விதிப்புத்தகம் பார்த்துப் பிடிப்பதில்லை. கம்ப்ரஸர் பக்கத்தில் இன்னொரு ஃபியூஸ் போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். முதலாவது பேட்டரியில் இருக்கட்டும்.

இதே பேச்சின் தம்பி ஒருவன் உண்டு. “30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, 40 போட்டேன், சரியாகிவிட்டது.” எதுவும் சரியாகவில்லை. ஃபியூஸின் அளவைத் தீர்மானிப்பது வயரின் தடிமன். 10 கேஜ் வயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்பதே நல்ல வழக்கம். அதற்குமேல் வேண்டுமானால் முதலில் வயரை 8 கேஜுக்கு மாற்றுங்கள், பிறகு ஃபியூஸைத் தொடுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 30 என்று எழுதிய பிளேடு ஃபியூஸ் 31 ஆம்பியரில் பட்டென்று போய்விடாது. 33 ஆம்பியரை நாள் முழுக்கத் தாங்கும். 40 ஆம்பியர் ஓடினாலும், போவதற்குப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு பொறுமையுள்ள பொருள் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

எங்கே பார்ப்பது? முதலில் கம்ப்ரஸர் வாயிலுள்ள ஒருவழி வால்வு. அது கசிந்தால் டாங்க்கின் அழுத்தம் பின்னோக்கி வந்து பிஸ்டன் மேல் உட்கார்ந்துகொள்ளும். மோட்டார் அந்தச் சுமையோடு கிளம்பத் திணறி, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அடுத்தது தளர்ந்த ஜாயின்ட். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, மெல்லிய வயர். 25 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸருக்கு 16 கேஜ் வயரை 6 மீட்டர் ஓட்டினால் ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 50 வாட் வெப்பம் அந்த வயருக்குள்ளேயே உண்டாகிறது. அதே தூரத்துக்கு 10 கேஜ் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் இதைப்போலப் பல மடங்கு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வோல்டேஜ் குறைய மோட்டார் கிளம்பத் தாமதிக்கிறது, தாமதிக்கும் நேரமெல்லாம் அந்தப் பெரிய மின்சாரமே ஓடுகிறது.

வயர் வாங்கும்போது கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். சுருளில் 10 கேஜ் என்று அச்சிட்டிருந்தாலும் தாமிரத்தின் வேலையை அது செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

“ரிலே எதற்கு, டாஷ்போர்டு சுவிட்சே தாங்குமே.” தாங்காது. சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும், அதற்கு அரை ஆம்பியர்கூட ஆகாது. பிரஷர் சுவிட்சையும் அந்தச் சுருளின் பாதையிலேயே வையுங்கள். 30-ஆம் எண் முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-க்குக் கம்ப்ரஸர், 85, 86 இரண்டும் சுருளுக்கு. சூப்பர் டியூட்டி டிரக்கில் தொழிற்சாலையே வைத்துக்கொடுத்த துணைச் சுவிட்சுகள் இருந்தால் அவற்றுக்கு ரிலேயும் ஃபியூஸும் ஏற்கெனவே உண்டு. எந்தச் சுவிட்ச் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டு இணையுங்கள்.

“டிரெய்லர் பிளக்குக்குப் போகும் 12 வோல்ட் வயரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.” வேண்டாம். அது டிரெய்லரின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய. ஓடும்போது டிரெய்லர் டிரக்கிலிருந்து கழன்றுவிட்டால் அதன் அவசர பிரேக்கை இயக்குவது அந்தப் பேட்டரிதான்.

“கிரவுண்ட் வயரை நேரே பேட்டரி நெகட்டிவ் முனையில் மாட்டுவதே சிறந்தது.” பழைய வண்டிகளுக்குச் சரி. இன்றைய பல டிரக்குகளில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே வெளியே போகும் மின்சாரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. நேரே முனையில் மாட்டினால் கம்ப்ரஸர் இழுப்பது அந்தக் கணக்கில் வராது, சார்ஜ் ஆவதில் குழப்பம் வரும். சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். 2017 முதல் சூப்பர் டியூட்டியின் பாடி அலுமினியம், சட்டம் இரும்பு. பாடியில் கிரவுண்ட் எடுக்காதீர்கள், இரண்டு உலோகம் சேரும் இடம் அரித்துப்போகும்.

“ஏர் ஸ்பிரிங் போட்டால் கூடுதல் எடை ஏற்றலாம்.” ஏற்றக் கூடாது. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளிலுள்ள எடை வரம்பு அச்சு, டயர், சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் வைத்துப் போட்டது. ஸ்பிரிங்கில் காற்று அடைத்ததும் பிரேக் வளர்ந்துவிடாது. ஏர் ஸ்பிரிங் தயாரிப்பவர்களே இதை எழுதித்தான் தருகிறார்கள்.

கடைசியாக, நான் எல்லோரிடமும் விடாமல் கேட்கும் ஒன்று. வேலை முடிந்ததும் ஒரு தாளில் வரைபடம் போட்டு வண்டிக்குள் வையுங்கள். என்னிடம் வரும் டிரக்குகளில் பேட்டரி முனையில் சிவப்பு வயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. எது வின்ச்சுக்கு, எது விளக்குக்கு, எது கம்ப்ரஸருக்கு என்று உரிமையாளருக்கே தெரியாது. இரவில் சாலையோரம் நின்று ஃபியூஸ் தேடும் மனிதருக்கு அந்தத் தாள்தான் துணை. ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர், வயர் எத்தனை கேஜ், சட்டத்தின் எந்தப் பக்கமாகப் போகிறது, ரிலே எங்கே, கிரவுண்ட் எந்த போல்ட்டில், எந்தத் தேதியில் போட்டது. வயரின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். பேனா மை அழியும், பென்சிலால் எழுதி மேலே தெளிவான ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். தாள் கையுறைப் பெட்டியில் இருக்கட்டும், அதன் படம் ஒன்று கைபேசியிலும்.