ஒரே வினாக்கொத்து எல்லோரையும் சரியாக அளக்குமா?

நெருங்கிய உறவில் ஒருவர் எவ்வளவு பதற்றப்படுகிறார், எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை அறிய உளநல நிபுணர்கள் வினாக்கொத்துகளைப் பயன்படுத்துகின்றனர். இவற்றுள் நன்கு அறியப்பட்டதொன்றை 1998 இல் பிரெனன், கிளார்க், ஷேவர் ஆகியோர் வெளியிட்டனர். அதில் 36 கூற்றுகள் உள்ளன. 18 பதற்றத்தையும் 18 விலகலையும் அளக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிடவேண்டும்.

இது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் பதில்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது. எல்லா நோயாளருக்கும் அது பொருந்துமா?

துணையைப் பிரிய நேருமோ என்ற கவலையைப் பற்றிக் கேட்டால், துணையின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவர் 7 இடக்கூடும். அது அவரது சுபாவமல்ல; நிலைமை. துணையின் பராமரிப்பில் வாழும் புற்றுநோயாளருக்கும் 'தங்கியிருத்தல்' என்பதன் பொருள் வேறு.

எனவே குழுக்களை ஒப்பிடுமுன் மூன்று விடயங்களைச் சோதிக்கவேண்டும்.

1. கூற்றுகள் எல்லாக் குழுக்களிலும் பதற்றம், விலகல் என ஒரேவிதமாகப் பிரிகின்றனவா?
2. ஒவ்வொரு கூற்றும் தான் அளக்கும் இயல்புடன் ஒரே அளவில் தொடர்புபட்டுள்ளதா?
3. ஒரே அளவு பதற்றமுள்ள இருவர், எக்குழுவினராயினும், ஏறத்தாழ ஒரே புள்ளியை இடுகின்றனரா?

மூன்றாவது பிழைத்தால், குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது பூச்சியத்தில் நில்லாத தராசில் நிறுப்பதற்குச் சமம்.

இத்தகைய படிவம் உங்களுக்குத் தரப்பட்டால், விளங்காத கேள்விக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவியைக் கேளுங்கள். புள்ளியோடு உங்கள் நிலைமையையும் சொல்லுங்கள். வைத்தியர்களாகிய நாமும் எண்ணை மட்டும் பார்த்து எவர்மீதும் முத்திரை குத்தலாகாது.