பல்லாவரத்துக் கல்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டு முன் நெடுநேரம் நின்றுவிடுவது வழக்கம். நிற்க வேண்டியதுதான். ஆனால் முன்வரலாற்றுப் பகுதியிலுள்ள கற்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் இத்தகைய கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அது சான்றாயிற்று. அவர் திரட்டிய தொகுப்பை 1904இல் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

இது கருவிதான் என்று எப்படிச் சொல்வது? ஆற்றில் உருண்டு மோதும் கல்லிலும் சில்லுகள் பெயரும். ஆனால் அவை ஒழுங்கின்றிப் பெயரும். கைக்கோடரியிலோ இருபுறமும் வரிசையாகச் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, ஓரம் கூராகி, ஒரு முனை ஒடுங்கியிருக்கும். தட்டியவனுக்கு, என்ன வடிவம் வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது!

வயது? ஃபூட் காலத்தில் அதைக் கணக்கிட வழியில்லை. இன்று உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், நிலத்தின் மேல் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்சைத் தாக்கும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில். கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும், இருப்பவை சிதையும். அலுமினியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியத்துக்குச் சுமார் 14 லட்சம். எனவே 14 லட்சம் ஆண்டுகளில் அலுமினியம் கால் பங்காகும், பெரிலியம் பாதியாகும். ஏழுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்றாகிவிடும். கணக்கு அவ்வளவுதான், அளப்பதுதான் கடினம், ஏனெனில் அந்த அணுக்கள் மிகமிகக் குறைவு.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கமும் 1863இல் கண்டறியப்பட்ட இடமே. அங்கே பிற்காலத்தில் தோண்டியெடுத்த கருவிகளை இம்முறையில் ஆராய்ந்து, அவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்டனர்.

ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத கல்லுக்கு இந்தக் கணக்கைப் போட முடியாது. ஆகவே உங்கள் ஊர் ஓடைக்கரையில் இப்படி ஒன்று தென்பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, படம் வரைந்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.