கவுன் இல்லை, மேடை பயம் இருக்கிறது

மாநில அளவிலான அழகிப் போட்டிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விலையுயர்ந்த கவுன் வாங்க வசதியில்லை. மேடையில் பேசவும் பயம். எப்படித் தயாராவது?
– வாசகி, திருச்சி

கவுன் கவலையை முதலில் விடுங்கள். 1994-இல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற இரவில் சுஷ்மிதா சென் அணிந்திருந்தது, டெல்லி சரோஜினி நகர் சந்தையில் வாங்கிய துணியில் உள்ளூர்த் தையல்காரர் தைத்த உடை. கையுறைகளைக்கூடக் காலுறையை வெட்டித்தான் செய்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். நல்ல தையல்காரரைப் பிடியுங்கள். அளவு பார்க்கும்போது, மேடைக்குப் போடப்போகும் ஹீல்ஸையே போட்டுக்கொண்டு நில்லுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு தரையில் புரண்டு காலைத் தடுக்கும். அதே ஹீல்ஸில் வீட்டுக்குள் தினமும் நடந்து பழகுங்கள்.

உண்மையான உழைப்பு பேச்சுக்குத்தான் வேண்டும். அன்று சுஷ்மிதாவும் ஐஸ்வர்யா ராயும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். முடிவு செய்தது கூடுதலாகக் கேட்ட கேள்வி. சுஷ்மிதாவிடம் கேட்டது இந்தியாவின் துணிப் பாரம்பரியம் பற்றி! ஆகவே நாளிதழ் படிக்காமல் மேடையேற வேண்டாம். தினமும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, உங்கள் கருத்தை 30 விநாடிக்குள் சொல்லி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதல் வாக்கியத்திலேயே பதில் வந்துவிட வேண்டும், காரணம் பிறகு.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால், தமிழில் பதில் சொல்லலாமா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். மிஸ் யுனிவர்ஸ் மேடையிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுகிறார்கள். 2018-இல் மிஸ் இந்தியா ஆன அனுகிரீத்தி வாஸும் உங்கள் திருச்சிக்காரர்தான்.