கரிசல் மண்ணின் மழலைக்கு எத்துணைப் பால்?

முன்னுரை

பிள்ளைத்தமிழின் பருவங்கள் குழந்தையின் உடல் வளர்ச்சியை அடியொற்றி அமைந்தவை. ஐந்தாம் மாத அளவில் குழந்தை தலை நிமிர்ந்து அசைந்தாடுவதைச் செங்கீரைப் பருவம் பாடும். செய்யிது அனபிய்யாப் புலவர் நபிகள் நாயகத்தின் மீது பாடிய பிள்ளைத்தமிழும் இம்மரபில் வந்ததே. இப்பருவத்தை நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கோவில்பட்டியை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவியொருவர் எழுந்தார். தம் தமக்கையின் ஐந்து மாதக் குழந்தை ஒரு மாதமாக எடை கூடவில்லை என்றும், தாய்ப்பால் போதவில்லையெனக் கருதி வீட்டார் புட்டிப்பால் தொடங்கிவிட்டனர் என்றும் கூறி, குழந்தைக்கு எவ்வளவுதான் பால் வேண்டும் என வினவினார். அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்கள் வாயிலாகவும் அறிந்தோர் வாயிலாகவும் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

அளவுகோல் குழந்தையிடமே

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இத்தனை மில்லி என்று வரையறுக்க வேண்டுவதில்லை. பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் அருந்தும். வாய் திறந்து தேடுதலும், கைவிரலைச் சப்புதலும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசி அறிகுறி. வயிறு நிறைந்தால் அது தானே மார்பை விட்டுவிடும். ஒரு பக்கத்துப் பாலை முழுதும் அருந்தவிடுதல் நன்று. இறுதியில் சுரக்கும் பாலிலேயே கொழுப்பு மிகுதி. முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

மருத்துவர் அறிவுரையின்பேரில் பால்மாவு கொடுக்க நேர்ந்தால், முதல் மாதங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி என்பது கணக்கு. டப்பா பல நாள் வரவேண்டுமென்று நீர் கூட்டிக் கரைத்தல் குழந்தையைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எடை சொல்லும் செய்தி

பிறந்த சில நாள்களில் எடை சிறிது குறைதல் இயல்பு. இரண்டு வாரத்திற்குள் பிறப்பெடை மீண்டு, முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூடும். ஐந்து மாத அளவில் பிறப்பெடை இருமடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி ஆறு மாத ஆண்குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண்குழந்தைக்கு 7.3 கிலோ. இவ்வளவுகளை வகுப்பதற்காக ஆராயப்பட்ட ஆறு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

எனினும் ஒரு நாளைய எடையினும் எடைக்கோடு செல்லும் திசையே முதன்மையானது. சிறிதாகப் பிறந்த குழந்தையும் தன் கோட்டில் மேலேறிச் சென்றால் கவலை வேண்டா. கொழுத்த குழந்தையாயினும் கோடு படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும். மதுரை மாவட்டத்தில் 1980இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, எடை தளர்ந்தவர்க்குத் துணை உணவு அளித்து, தேறியபின் நிறுத்தினர். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விடுத்து, அங்கன்வாடியில் எழுதப்பெறும் அட்டையை நோக்குவதே அறிவுடைமை.

வெயிலும் தண்ணீரும்

வானம் பார்த்த கரிசல் பூமியில், கத்திரி வெயிலில் குழந்தையின் நா வறளுமே என்று அஞ்சித் தண்ணீரும் சீனித்தண்ணீரும் புகட்டுவோர் பலர். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கிற்கு மேல் நீரே. ஆதலின் ஆறு மாதம் நிறையும்வரை கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை பாலைக் குறைவாக அருந்தும். அருந்துவது குறைந்தால் சுரப்பதும் குறையும். சேனை வைத்தலும் கழுதைப்பால் புகட்டலும் அன்பின்பாற்பட்டவையே. எனினும் அவை சீம்பாலுக்கு ஈடாகா. ஓராண்டு நிறையுமுன் தேன் கொடுத்தல் தீங்கு.

ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்று முறையாக, அரைக் கிண்ணம் வரை உயர்த்தலாம். கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, உளுந்து என இம்மண் விளைவிப்பவையே போதும். கஞ்சி கரண்டியிலிருந்து வழிந்தோடாத கெட்டியாக இருத்தல் வேண்டும். குழந்தை கைவிட்டு அளைந்த உணவை அமிழ்தினும் இனியது என்றார் வள்ளுவர். திணிக்காமல், குழந்தை தானே அளைந்து உண்ண விடுதலே இன்றைய மருத்துவமும் கூறும் முறை.

தாயின் நேரம்

மாணவியின் தமக்கை, மக்கள் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என வழங்கும் ஆலைக்குச் செல்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். காலையில் சென்றால் மாலையில்தான் திரும்புவார். பகல் முழுதும் குழந்தை குடித்தது தண்ணீரும், நீர் கூட்டிய புட்டிப்பாலுமே. அத்தாய்க்குப் பால் குறையவில்லை, நேரமே குறைந்தது. பருத்தி எடுக்கவும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் செல்லும் தாய்மார் நிலையும் இதுவே.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டப் பணியிடையே இரண்டு இடைவேளை தரவேண்டும் என 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது; 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதனையே கூறுகிறது. காட்டு வேலைக்கு அச்சட்டம் எட்டுவதில்லை. அங்கு வீட்டாரே இடைவேளை தர வேண்டும். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு இரண்டு ஆண்டுகளைக் கூறுகிறது. அத்தாய்க்கு உணவும் உடையும் அளித்தல் தந்தையின் கடன் என்றும், பால்மறக்கச் செய்தலை இருவரும் கலந்து முடிவு செய்க என்றும் உரைக்கிறது. பாலூட்டல் தாய் ஒருத்தியின் பொறுப்பன்று என்பது இதன் கருத்தெனலாம்.

முடிவுரை

எடை கூடாத குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுதல் கடன். அவ்வாறே காட்டினர், நோயொன்றும் இல்லை. பின்னர்ப் பாட்டி நண்பகலில் குழந்தையை ஆலை வாயிலுக்குத் தூக்கிச் சென்றார். தாய் காலையில் பாலைப் பீய்ச்சித் தூய கிண்ணத்தில் மூடி வைக்க, நான்கு மணி நேரத்திற்குள் அதனைச் சங்கால் புகட்டினர். இரவில் குழந்தை கேட்டபோதெல்லாம் தாய் பாலூட்டினார். அடுத்த மாதம் அட்டையில் கோடு மேலேறியதென்று மாணவி மகிழ்ந்துரைத்தார். எவ்வளவு பால் என்ற வினாவிற்குக் குழந்தையே விடை கூறும். தாய்க்கு எவ்வளவு நேரம், எவ்வளவு உணவு, எவ்வளவு ஓய்வு என்ற வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர் நாமே.