கொடியவனுக்கும் நீதி உண்டா?

"ஈவிரக்கமின்றிக் கொலை செய்தவனுக்கு வக்கீல் எதற்கு? விசாரணைதான் எதற்கு?" கொடுஞ்செயல் ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. மாண்டவர்கள் மீதுள்ள இரக்கமே இப்படிக் கேட்க வைக்கிறது. ஆயினும் மார்க்கம் தரும் விடை யாது?

ஹிஜ்ரி 40, ரமலான் மாதம். கூஃபா பள்ளிவாசலில் ஸுப்ஹு வேளையில் கலீபா ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை இப்னு முல்ஜம் என்பவன் விஷம் தோய்த்த வாளால் வெட்டினான். பிடிபட்ட அவனைக் குறித்து, மரணப் படுக்கையிலிருந்த கலீபா இட்ட கட்டளையை வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அவனுக்கு உணவு கொடுக்க வேண்டும். தாம் பிழைத்தால் முடிவு தம்முடையது. மரணித்தால் ஒரு வெட்டுக்கு ஒரு வெட்டே. உறுப்புகளைச் சிதைக்கக் கூடாது. அவனைத் தவிர வேறெவரையும் கொல்லக் கூடாது.

கவனியுங்கள்! தண்டனையை அவர்கள் நீக்கவில்லை; அதற்கு வரம்பு கட்டினார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்ய வேண்டாம் என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம் தரும் போதனை. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததும் இதே அலீ (ரலி) அவர்களுக்குத்தான். யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது!

நம் நாட்டிலேயே ஒரு படிப்பினை உண்டு. 2008 நவம்பர் 26-இல் தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 உயிர்கள் பலியாயின. உயிருடன் பிடிபட்ட கசாபுக்காக வாதாட வக்கீல்கள் பலர் மறுத்தனர். நீதிமன்றமே வக்கீலை நியமித்தது. 2010-இல் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; 2012-இல் அது நிறைவேறியது. ஆனால் அதே வழக்கில் அவனோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த இந்தியர் இருவர், போதிய ஆதாரமில்லையென விடுவிக்கப்பட்டனர். அத்தீர்ப்பை 2012-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மக்களின் ஆத்திரத்திடம் தீர்ப்பை ஒப்படைத்திருந்தால் அவ்விருவரின் கதி என்னவாகியிருக்கும்?

குற்றவாளி யார் என்பதே விசாரணைக்குப் பின்னர்தான் தெளிவாகிறது. ஆகவே, சட்டத்தின் பாதுகாப்பு கொடியவனுக்கு நாம் அளிக்கும் சலுகையன்று. நிரபராதிக்கு அது கேடயம், நமக்கோ கடிவாளம்.

நம் தெருவில் திருடனென்று ஒருவன் பிடிபட்டால், கையை ஓங்குமுன் கூஃபாவை நினைவுகூர்வோம். கோபத்திலும் நீதி தவறாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.