அருவிக்குப் போவோம், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவோம்



"வருஷம் பூரா சேமிப்பு, கடன், வசூல்னே பேசிக்கிட்டு இருக்கோம். ஒரு நாளாவது எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போயிட்டு வரக்கூடாதா?" சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரி இப்படிக் கேட்டதும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வண்டலூர் பூங்காவும் மாமல்லபுரமும் எல்லோரும் பார்த்தாயிற்று. காட்டுக்குள் நடந்துபோய் அருவியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பலருடைய ஆசை. தாம்பரம் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால், நமக்குத் தோதான இடம் தடா அருவி. ஆந்திராவில், திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் உப்பலமடுகு. தெலுங்கில் மடுகு என்றால் நம் தமிழில் மடு, ஆழமான நீர்நிலை. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது பாருங்கள்.

சந்தோஷமாகப் போய்வர வேண்டிய பயணம்தான். ஆனாலும் எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு இரண்டு குழுக்கள் சேர்ந்து அங்கே போனோம். ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒருத்தர் வீட்டில் பால் கறக்கவில்லை, இன்னொருத்தர் பிள்ளைக்கு டிபன் கட்டவில்லை என்று வேன் நகரும்போது எட்டரை. நடக்க ஆரம்பித்தபோது பன்னிரண்டு. அருவியைப் பார்த்த சந்தோஷத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது, ரப்பர் செருப்பு போட்டிருந்த ஒரு சகோதரி பாசிப்பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அவரைத் தாங்கிக்கொண்டு பாறை பாறையாக இறங்கினோம். பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை, டார்ச் விளக்கு ஒன்றுகூட இல்லை. வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சே வந்தது. அந்தச் சகோதரி கட்டட வேலைக்குப் போகிறவர். ஒன்றரை மாதம் கூலி போயிற்று. தவணை தவறக்கூடாதென்று குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம்.

அன்றைக்குக் கற்ற பாடம் இது. பயணத் திட்டத்தை வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. திரும்பும் நேரத்தில் ஆரம்பித்து, பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் பகுதியில் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். மலைக்கு நடுவே, மரங்களுக்கு அடியில் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கும். ஆகவே நாலு மணிக்கு எல்லோரும் வேனில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாறைகளில் இறங்கி நடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டால், அருவியை விட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். சாப்பிட, உட்கார்ந்து பேச ஒன்றரை மணி நேரம். அப்படியானால் பன்னிரண்டுக்குள் அங்கே சேர வேண்டும், ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். டீ குடிக்க நிறுத்துவதையும் சேர்த்தால் விடிகாலை ஐந்தரைக்கு வேன் நகர வேண்டும். ஐந்தரை என்றால் ஐந்தரைதான். வராதவருக்காக இருபது பேர் காத்திருக்க வேண்டாம். இது கடுமையாகத் தோன்றலாம், எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறிவிட்டால் சென்னை நெரிசலில் மாட்டாமல் செங்குன்றம் பக்கம் போய் நெல்லூர் சாலையைப் பிடித்துவிடலாம். வேன் பேசும்போதே ஆந்திராவுக்குள் போக பர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவும் சுங்கமும் வாடகையில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஐந்தாறு பேர் மட்டும் போவதென்றால் ரயில் மலிவு. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் சூலூர்பேட்டை மின்சார ரயில் ஏறினால் தடாவில் நிற்கும். அங்கிருந்து ஆட்டோதான். போக மட்டும் பேசாமல், திரும்ப அழைத்து வரவும் சேர்த்துப் பேச வேண்டும்.

எந்த மாதம் போவது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்லது. தண்ணீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். புயல், கனமழை அறிவிப்பு இருந்தால் முன்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் போதும், சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவனை அடித்துச் சென்றது. ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் பை, செருப்பு எதையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கோடையில் வேறு ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மகளிர் தினத்தை ஒட்டி சென்னையிலிருந்து மலையேறப் போன பெண்கள் அதில் பலர். காய்ந்த புல்லில் பிடித்த தீ காற்றோடு ஓடும்போது மனிதர் ஓடித் தப்ப முடியாது. இதனால்தான் வனத்துறை அனுமதி, திறந்திருக்கும் நாள், நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்கிறோம். நுழைவாயிலில் சீட்டு வாங்காமல் குறுக்குவழியில் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே வழிகாட்டியோடு போக விரும்பும் குழுக்களுக்கு, 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி, யார் வரலாம்? வயதைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். இரண்டு வாரம் முன்னதாக எல்லோரும் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் படி ஏறிப் பாருங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நம்ம முழங்கால் நிலவரமும் தெரிஞ்சிடும். மூச்சு வாங்கி நெஞ்சு அடைப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். காட்டில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோர் வேகமும். விவரமான ஒருவர் கடைசியில் வரட்டும், அவருக்குப் பின்னால் நம்மவர் யாரும் இருக்கக் கூடாது.

புடவை பாறையில் தடுக்கும், சுடிதார் வசதி. "இந்த வயசுல சுடிதாரா?" என்று கூச்சப்படும் அம்மாக்களுக்கு மகளின் பழைய சுடிதார் போதும், காட்டில் பார்க்கக் குரங்குகள்தான் இருக்கின்றன. பட்டை வைத்த, அடியில் பிடிப்புள்ள செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூ அவசியம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளியோதரை, கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், சுகர், பிரஷர் மாத்திரை, மாற்றுத் துணி, நாப்கின், அதைச் சுற்றித் திரும்பக் கொண்டுவர ஒரு பை. நாலு பேருக்கு ஒரு டார்ச். தங்க நகையை வீட்டில் வையுங்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்காதென்று தண்ணீர் குடிக்காமல் வருவது நம் பழக்கம். அதனால்தான் மயக்கமே வருகிறது. குடியுங்கள். ஒதுங்கும்போது துணைக்கு ஒருவரோடு போங்கள்.

மடுவில் இறங்கவே வேண்டாம். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பாறை இடுக்கு இருக்கும். கரையோரத்தில் முழங்கால் ஆழத்துக்குள் உட்கார்ந்து குளித்தாலே ஆசை தீரும். செல்ஃபி எடுக்கப் பாறை நுனிக்குப் போகிற இளம்பெண்களைக் கண்டிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

செலவைப் பொதுச் சேமிப்பிலிருந்து எடுக்காதீர்கள். மூன்று மாதம் தனியாகச் சிறுகச் சேர்த்து, தனி வரவு செலவு எழுதுங்கள். வருகிறவர் பெயர், வீட்டு எண் பட்டியலில் ஒரு நகலை வராத சகோதரி ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். அவசரத்துக்கு 108, 112 இரண்டும் ஆந்திராவிலும் உண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்துதான் அழைக்க முடியும்.

போவதென்று முடிவானால் தீர்மான நோட்டில் இப்படி எழுதி எல்லோரும் கையெழுத்திடலாம்: "காலை 5.30க்கு வேன் கிளம்பும். மதியம் 1.30க்கு அருவியை விட்டுத் திரும்புவோம், அருவியை அடையாவிட்டாலும் அதே நேரத்தில் திரும்புவோம். மாலை 5 மணிக்குள் எங்களிடமிருந்து போன் வராவிட்டால் ஊரில் இருக்கும் சகோதரி 112க்குத் தெரிவிப்பார்."